நோய் விசாரித்தல்: வாசல் அடைபட்டால் கடமை என்ன?

ஒரு முஸ்லிமின் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமைகளை எண்ணிச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், ஸலாமுக்குப் பதில் கூறுவது, நோயுற்றால் சென்று விசாரிப்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, விருந்துக்கு அழைத்தால் ஏற்பது, தும்மியவருக்காக துஆச் செய்வது என ஐந்தைக் கூறியுள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இது பதிவாகியிருக்கிறது. இவ்வைந்தில் இரண்டாவதைப் பற்றியே இம்மாதப் பாடம்.

தென்காசி வட்டாரத்தில் இந்த சுன்னத் நன்றாக வேரூன்றியிருப்பதை நாமறிவோம். கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை, வடகரை, அச்சன்புதூர், பொட்டல்புதூர் முதலிய ஊர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் தெருவே திரண்டு போய்ப் பார்த்துவரும். பிளாஸ்கில் கஞ்சி, ஒரு பை சாத்துக்குடி, ரொட்டிப் பொட்டலம் என்று கையில் ஏதாவது இருக்கும். மேல் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் வேன் பிடித்துப் போவார்கள். குற்றால சீசனுக்கு வந்த உறவினர்கள் அருவியில் குளித்த கையோடு நோயாளியையும் ஒரு நடை பார்த்துப் போவதுண்டு. வராதவர் மேல் வருத்தம் வரும். அந்த வருத்தம் பிறகு கலியாண வீட்டிலும் மவுத்து வீட்டிலும் பேசப்படும்.

இப்படி வாழ்ந்த மக்களுக்குத்தான் 2020-ஆம் ஆண்டின் சோதனை வந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கொரோனா வார்டுகளுக்குள் உறவினர் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது. 2019 நவம்பர் 22 அன்றுதான் தென்காசி தனி மாவட்டமாகியிருந்தது. அதனால் நேற்றுவரை நம் மாவட்டத்திலிருந்த பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி இப்போது அடுத்த மாவட்டத்தில். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்கப்பட்ட நாட்களில், நோயாளி போன வழியில் பிள்ளைகள் போக முடியவில்லை. மார்ச் பிற்பகுதியிலேயே வெளிநாட்டு விமானங்கள் நின்றுபோனதால் வளைகுடா நாடுகளில் உழைத்துக் கொண்டிருந்த மக்கள் அங்கேயே தவித்தனர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நோயுற்ற ஐரோப்பியர் உடல் தேற்றிக் கொள்ள வந்து தங்கிய ஊர் குற்றாலம். அந்தக் குற்றாலத்திலும் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் சீசனிலும் அருவிகள் கொட்டிக் கொண்டிருந்தன, குளிக்கத்தான் அனுமதியில்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை இன்னும் கடுமையாக அடித்தது. மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. பின்னர் அலை ஓய்ந்தது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலையை விலக்கிக் கொண்டது. சட்டங்கள் போய்விட்டன, மனப்புண்கள் போகவில்லை. ‘வாப்பா கடைசி நேரத்தில் எங்களைத் தேடியிருப்பார்களே, போகாமல் இருந்துவிட்டோமே’ என்று இன்றும் குமைகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ‘நீ ஊரிலிருந்தும் பார்க்கவில்லை’ என்று அண்ணன் தம்பியிடம் பேசாமலிருக்கும் வீடுகளும் உண்டு. இவர்களுக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

நோயாளியின் உரிமை

நோய் விசாரித்தல் வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பது இமாம்களில் பெரும்பாலோரின் கருத்து. இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ தம் நூலில் இதற்கான பாடத்துக்குத் தலைப்பிடும்போதே கடமை என்ற சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். எப்படியாயினும், ஹதீஸில் இது ‘உரிமை’ என்றே வந்திருக்கிறது. யாருடைய உரிமை? நோயாளியின் உரிமை. இந்த ஒரு சொல்லை மனத்தில் பதித்துக் கொண்டால் பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும்.

ஒருவரின் உரிமையை நிறைவேற்றுவதென்றால் அவருக்கு நன்மை சேர வேண்டும். நம் வருகை அவருக்கு ஆறுதல் தந்தால் அது இபாதத். நம் வருகையால் அவருக்கோ, அடுத்த கட்டிலில் இருப்பவருக்கோ, வீட்டிலிருக்கும் வயோதிகருக்கோ தீங்கு வருமென்றால், அது உரிமையை நிறைவேற்றியதாகுமா? தீங்கிழைப்பதும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபிமொழியிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்துக் கொண்ட பெரும் சட்டவிதி. சாதாரண காலத்திலேயே நோயாளியிடம் நெடுநேரம் உட்கார்ந்து அவரைக் களைப்படையச் செய்யக் கூடாது என்று ஆலிம்கள் எழுதி வைத்ததன் காரணமும் இதுவே.

வாசலை அடைப்பது தவக்குலுக்கு மாறா?

‘எல்லாம் கத்ரு, வருவது வரட்டும்’ என்று சிலர் அன்று பேசினார்கள். இந்தக் கேள்வி கொரோனாவோடு பிறந்ததன்று. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டையொட்டி (கி.பி. 639) ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய சமயம். அங்கே புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களை ஸர்க் என்னுமிடத்தில் தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு நோயைப் பற்றிக் கூறினார்கள். கலீஃபா தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி சொன்னார்கள். ஒட்டகத்தைப் பசுமையான சரிவில் மேய்த்தாலும் வறண்ட சரிவில் மேய்த்தாலும் இரண்டும் அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். அப்போது அங்கு வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

இதில் நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி ஒன்றிருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஊருக்குள் போகவில்லை. ஆனால் அபூ உபைதாவை மறந்துவிடவுமில்லை. மதீனாவிலிருந்து கடிதம் எழுதினார்கள் என்றும், அவர்களைத் தம்மிடம் வரவழைக்க முயன்றார்கள் என்றும், தம் படையினரை விட்டு வர மனமில்லாமல் அபூ உபைதா (ரலி) அங்கேயே தங்கி அந்நோயிலேயே வஃபாத்தானார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. போக முடியாத இடத்துக்குக் கடிதம் போனது. கால் செல்ல முடியாதபோது கவலையும் துஆவும் சென்றன.

மேலும், நோயுற்ற கால்நடையை நலமான கால்நடையோடு சேர்க்க வேண்டாம் என்று நபிமொழி உண்டு. ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழுவில் தொழுநோயாளி ஒருவர் இருந்தார். அவரை அருகே அழைக்காமல், அவரது பைஅத்தை ஏற்றுக் கொண்டதாகச் சொல்லியனுப்பி, அங்கிருந்தே திரும்பச் செய்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அவர் நெருங்கி வரவில்லை. ஆனால் அவரது பைஅத் குறைபடவில்லை. விலகி இருப்பதும் ஏற்றுக் கொள்வதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அருகில் இல்லாமல் போனவர்களுக்கு

இப்போது மனம் புண்பட்டிருக்கும் பிள்ளைகளிடம் வருவோம். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமலானில் பெருமானார் (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்ட நேரத்தில் அவர்களுடைய அருமை மகளார் ருகைய்யா (ரலி) நோயுற்றிருந்தார்கள். கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மனைவியின் அருகிலேயே இருந்து கவனிக்கச் சொல்லிவிட்டு நபியவர்கள் சென்றார்கள். அவர்கள் பத்ரிலிருந்து திரும்புவதற்குள் மகளார் வஃபாத்தாகிவிட்டார்கள். மகளின் இறுதி நேரத்தில் தந்தை அருகில் இல்லை. அந்தத் தந்தை யார்? மனிதர்களிலேயே மிகுந்த இரக்கமுடையவர். அருகில் இல்லாததை அன்பின்மைக்கு அடையாளமாகக் கொள்ள முடியாது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் உண்டு. பத்ரில் கலந்து கொள்ளாத உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, கலந்து கொண்டவரின் கூலியும் பங்கும் உண்டென நபியவர்கள் அறிவித்தார்கள். வீட்டில் நோயாளியைக் கவனித்தவர் களத்தில் நின்றவராகவே கருதப்பட்டார். கொரோனா காலத்தில் தந்தையை ஒருவரும் தாயை ஒருவருமாக வீட்டிலேயே தனித்தனி அறையில் வைத்துப் பராமரித்தவர்கள், அதனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதிருந்தவர்கள், இதைப் படித்து ஆறுதல் பெறட்டும்.

தபூக் பயணத்தின்போதும் அப்படியே. நியாயமான காரணத்தால் மதீனாவில் தங்கிவிட்டவர்கள், வழிநெடுகப் படையோடு வந்தவர்களுக்கு ஒப்பானவர்களே என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியில் உள்ளது. நிய்யத் இருந்தது, தடை வந்தது, கூலி குறையவில்லை. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது திருமறையின் வாக்களிப்பு.

ஆகவே ‘உன் தகப்பனாரை நீ பார்க்கவில்லை’ என்று சகோதரனைக் குத்திக் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். துபாயில் விமானமின்றி இருந்தவனும், ஊரிலிருந்தும் வார்டு வாசலைத் தாண்ட முடியாமல் நின்றவனும் ஒரே தடையால்தான் தடுக்கப்பட்டார்கள். அல்லாஹ் மன்னித்த இடத்தில் நாம் வழக்காடக் கூடாது.

ஒரு ஹதீஸ், மூன்று கேள்விகள்

மறுமையில் அல்லாஹ், தான் நோயுற்றிருந்தபோது ஏன் வந்து விசாரிக்கவில்லை என்று அடியானைக் கேட்பான் என்ற ஹதீஸ் குத்ஸீ முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அடியான் திகைத்து நிற்க, நோயுற்ற இன்னாரை நீ விசாரித்திருந்தால் அவரிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்ற பொருளில் விளக்கமும் வரும். இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மூடிய வாசல் எவ்வளவு வேதனை தந்திருக்கும்!

ஆனால் அந்த ஹதீஸ் அங்கே முடிவதில்லை. அடுத்து, உணவு கேட்டபோது ஏன் தரவில்லை என்ற கேள்வி. பிறகு, தண்ணீர் கேட்டபோது ஏன் தரவில்லை என்ற கேள்வி. மூன்று கேள்விகளில் முதலாவதற்குரிய வாசல்தான் அன்று அடைபட்டிருந்தது. மற்ற இரண்டும் திறந்தே இருந்தன. ஆஸ்பத்திரிக்குள் போக முடியாதவர், நோயாளியின் வீட்டு வாசலில் ஒரு சட்டிச் சோறும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துவிட்டு வந்திருக்க முடியும். அப்படிச் செய்த அண்டை வீட்டார் எத்தனையோ பேர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் தகரம் வைத்து அடைத்த வீட்டைக் கண்டு தெருவையே மாற்றி நடந்தவர்களும், குணமாகித் திரும்பியவருக்கு ஸலாம் சொல்லத் தயங்கியவர்களும் இருந்தார்கள். நோய்க்கு அஞ்சுவது குற்றமில்லை. நோயாளியின் குடும்பத்தை இழிவாக நடத்துவது குற்றம்.

வெளியிலிருந்து செய்ய வேண்டியவை

அந்த நாட்கள் போய்விட்டாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வை நேரம் சில நிமிடங்களே என்பது இன்றும் எல்லா ஊரிலும் உள்ள நடைமுறை. ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்.

1. குடும்பத்தில் ஒருவரை மட்டும் மருத்துவரிடம் பேசுபவராக நியமியுங்கள். பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டால் செவிலியரின் நேரம் நோயாளியை விட்டு நம்மிடம் போகும். பேசுபவர் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். இது அமானிதம்.

2. நோயாளியுடன் கைபேசி, சார்ஜர், மூக்குக் கண்ணாடி, அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவை போகட்டும். பேசும்போது வீட்டுச் சண்டையையும் கடன் பாக்கியையும் கொண்டு போகாதீர்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை ஊட்டும் சொற்களையே சொல்லுங்கள்.

3. தொழ முடியவில்லையே என்று வார்டில் கலங்குபவர் பலர். ஒளூச் செய்ய இயலாவிட்டால் தயம்மும் உண்டு. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தபடி சைகையாலும் தொழலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நலமாயிருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி நோயாளிக்கு அப்படியே எழுதப்படுகிறது என்ற நபிமொழியையும் நினைவூட்டுங்கள்.

4. கண்ணில் படாத சகோதரனுக்காகச் செய்யப்படும் துஆவுக்கு ஒரு வானவர் ஆமீன் சொல்லி, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்பார் என முஸ்லிமில் வருகிறது. தூரத்திலிருப்பவரின் துஆவுக்கு இந்தச் சிறப்பு என்றால், வாசல் அடைபட்டவன் வெறுங்கையன் ஆவானா?

5. நிலைமை கவலைக்கிடமானால், செவிலியரிடம் பணிவாகக் கேட்டு, கைபேசியை நோயாளியின் காதருகே வைக்கச் சொல்லிக் கலிமாவை மெதுவாக ஓதுங்கள். வற்புறுத்தாமல், உரக்கக் கத்தாமல் ஓத வேண்டும்.

6. வஸிய்யத் செய்வதற்குரிய ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி. கடன், அடமானம், பிறர் பொருள் இவற்றை நலமாயிருக்கும்போதே எழுதி வையுங்கள். மூச்சுத் திணறும் மனிதரிடம் பத்திரம் எங்கே என்று கேட்கும் அவலம் எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

7. காவலாளியிடமும் செவிலியரிடமும் சண்டை போடாதீர்கள். நாம் நெருங்க முடியாத நாட்களில் நம் பெற்றோருக்குத் தண்ணீர் புகட்டிய கைகள் அவர்களுடையவை. அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான்.

ஆஸ்பத்திரியாரின் பொறுப்பு

நோய் விசாரிக்கப்படுவது நோயாளியின் உரிமை என்றோம். அப்படியானால் வாசலை அடைப்பவருக்கும் கடமை உண்டு. அடைப்பது அவசியத்தின் அளவோடு நிற்க வேண்டும். அவசியத்துக்காக அனுமதிக்கப்பட்டது அவசியத்தின் அளவுக்கே என்பது ஃபிக்ஹின் விதி. உள்ளே விட முடியாவிட்டால், தினமும் குறித்த நேரத்தில் ஒரு சேதியாவது சொல்ல வேண்டும். சேதி வராத இரவு, கெட்ட சேதி வந்த இரவைவிட நீளமானது என்பது வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், கொரோனாவால் இறந்தவரின் முகத்தை, ஊழியர்கள் உறையைத் திறந்து காட்ட, உறவினர் இறுதியாக ஒருமுறை பார்க்கலாம் என்றிருந்தது. உடலைத் தொடாமல் வேதம் ஓதுதல் போன்ற சடங்குகளுக்கும் இடமிருந்தது. குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் தழுவுவதுமே தடுக்கப்பட்டிருந்தன. இது தெரியாததால், கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கடைசிப் பார்வையைக் கேளாமலே விட்ட குடும்பங்கள் உண்டு. சட்டத்துக்குக் கட்டுப்படுவதைப் போலவே, சட்டம் எதை அனுமதிக்கிறது என்று அறிந்து வைப்பதும் தேவை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் இதை விசாரித்துச் சொல்லத் தெரிந்த இருவராவது இருக்க வேண்டும்.

விடுபட்டதை இப்போது எப்படி ஈடு செய்வது?

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இரவில் மரணமடைந்தார். நபியவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்று தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் கபர் இருக்குமிடத்தைக் கேட்டறிந்து சென்று, அங்கே அவருக்காகத் தொழுதார்கள். ஜனாஸாவில் கலந்து கொள்ள முடியாமற் போனால் எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை என்பதை இது காட்டுகிறது. கபரில் ஜனாஸாத் தொழுகை தொழுவது பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் வெவ்வேறு நிபந்தனைகள் உள்ளன. தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள். ஆனால் கபர் ஜியாரத், துஆ, ஸதக்கா, மரித்தவரின் கடனை அடைப்பது, அவருடைய நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது ஆகியவற்றுக்குக் காலக்கெடு ஏதுமில்லை. கொள்ளைநோயில் பொறுமையோடு இருந்தவருக்கு ஷஹீதின் கூலி உண்டென்ற நபிமொழியை நம்பி, அந்த மரணங்களைத் துர்மரணம் என்று பேசும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

மழைச் சேறு மிகுந்த நாளில், வீடுகளிலேயே தொழுது கொள்ளும்படி பாங்கில் அறிவிக்கச் சொன்னார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். தொழுகை நீங்கவில்லை, இடம் மாறியது. 2020 ரமலானில் நம் பள்ளிவாசல்களில் ஜமாஅத் நடைபெறாமல் வீடுகளே தொழுமிடங்களானதும் அப்படித்தான். நோய் விசாரித்தலும் அவ்வாறே. வார்டின் வாசல் மூடினால் கடமை நோயாளியின் வீட்டு வாசலுக்கு வருகிறது, கைபேசிக்கு வருகிறது, தஹஜ்ஜுத் நேரத்து துஆவுக்கு வருகிறது.

இன்றே உங்கள் தெருவில் அந்நாளில் தாயையோ தந்தையையோ பறிகொடுத்த ஒருவரைப் போய்ப் பாருங்கள். அன்று அவர் வீட்டுப் படியேறி ஆறுதல் சொல்ல யாருக்கும் வழியில்லாமலிருந்தது. இன்று எந்த வாசலும் அடைபட்டிருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், மறைந்தவர்களுக்கு மஃக்ஃபிரத்தையும், பிரிந்து நிற்கும் சகோதரர்களுக்கு ஒற்றுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.